சனிக்கிழமைச் சீருடை

அந்த ஊருக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு சனிக்கிழமை. அங்கிருந்த அரசு உயர்நிலைப்பள்ளிக்கு இளநிலை உதவியாளராக மாறுதல் ஆணை கையில் இருந்தது. திங்கட்கிழமை பணியில் சேருவதற்கு முன் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிடலாம் என்று சாத்தூரில் பஸ் ஏறியிருந்தேன். இறங்கியதும் கண்ணில் பட்டது, வேலிக்கருவைக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. முழுச் சீருடையில் நின்றாள். சட்டைப் பையின் விளிம்பில் மஞ்சள் ரிப்பன் வைத்துத் தைத்திருந்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற இன்னொரு பிள்ளையும் சீருடையில் இருந்தது. கோயில் திடலில் கோலி விளையாடியவர்கள், கடைக்குச் சீனி வாங்க வந்தவர்கள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள், எல்லாரும் அதே சட்டையில், அதே மஞ்சள் ரிப்பனில். பள்ளிக்கூடமோ பூட்டிக் கிடந்தது.

"இன்னைக்கு வேலை நாளா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"லீவுதான். எங்க பெரிய டீச்சருக்குத்தான் லீவே கெடையாது" என்றார். "நீங்களும் அங்கனதான் வேலைக்கு வந்திருக்கீகளா? சட்டையப் பாத்துப் போடுங்க. உங்களுக்கும் ரிப்பன் வச்சிருவாக."

பெரிய டீச்சர் என்று ஊர் சொன்னது தலைமையாசிரியையை. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிற என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்வித்துறை அலுவலகங்களில் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அரசாணைகளை எண்ணோடும் நாளோடும் சொல்லக்கூடியவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சொன்னவர்கள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. ஒரு காரியத்தை ஏன் செய்ய முடியாது என்பதை மூன்று பத்திகளில் விளக்குவதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது என்று தலைமையாசிரியை ஒருமுறை சொன்னார். அது உண்மைக்கு மிகத் தொலைவில் இல்லை.

சனிக்கிழமைச் சீருடைக்குக் காரணம் நகங்கள். மற்ற பள்ளிக்கூடங்களில் காலை வழிபாட்டில் நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் தலைமையாசிரியை திங்கட்கிழமைகளில் வரிசையாக நடந்து, நகக்கண்ணில் பளபளப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பட்டாசில் சேர்க்கிற அலுமினியத் தூள் சோப்புக்கெல்லாம் போகாது. சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க் கூலிக்குத் திரி கிள்ளிய பிள்ளை, செவ்வாய்க்கிழமை வரைக்கும் வெள்ளி விரல்களோடு கணக்குப் போடும். சீசன் நேரத்தில் வகுப்பில் பாதிப் பேர் கை உயர்த்தினால் அறையே மினுங்கும். அவர் யாரையும் அடித்ததில்லை. நகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தன் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அடித்திருந்தால் தேவலை என்று பிள்ளைகள் சொல்வார்களாம்.

கம்பெனிகளுக்கு நேரில் போய்ச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறார். கேட்டில் நின்ற போர்மேன்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "வயசு கேட்டா பதினெட்டுங்குதுக டீச்சர். தாவணியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிதுக. நாங்க என்ன, பல்லப் புடிச்சா பாக்க முடியும்?"

"அப்படின்னா பதினெட்டு ஆகலைன்னு உங்களுக்குக் கண்ணால தெரியிற மாதிரி நான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அடுத்த வாரம் அந்த விதியைப் போட்டார். விடுமுறை நாளிலும் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வந்தால் சீருடையில்தான் வர வேண்டும். அரசுப் பள்ளிச் சீருடை எங்கும் ஒரே நிறம் என்பதால், நம் பிள்ளை என்று தெரிய மஞ்சள் ரிப்பன். அந்த ரிப்பனைக் கண்டால் உள்ளே விடுவதில்லை என்று ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் வாக்கு வாங்கினார். துணியை மாற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. ஊரே சீருடையில் திரியும்போது வண்ணத் துணியில் நடக்கிற பிள்ளை தனியாகத் தெரியும். டீக்கடைக்காரரே கூப்பிட்டு, "ஏலே, எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டுவிடுவார்.

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் என் கடமையைச் செய்தேன். "மேடம், விடுமுறை நாளில் சீருடை போடச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. சீருடையில் மாற்றம் செய்யவும் அதிகாரம் இல்லை. ரிப்பன் ஒரு மாற்றம்தான்."

"போடக் கூடாதுன்னு எதுவும் ஆணை இருக்கா சார்?"

தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

"அப்பச் சரி."

அரசுப் பணியில் இதைவிட ஆபத்தான வாதம் கிடையாது. ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டே மூன்று ஆய்வுகளைத் தாண்டினார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் ரிப்பனைப் பார்த்து, "சாரணர் இயக்கமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

உண்மையான எதிர்ப்பு தாய்மார்களிடமிருந்து வந்தது. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் வைத்திருக்க மாட்டார். "இருக்கிறதே ரெண்டு செட்டு. சனி, ஞாயிறும் அதையே போட்டுக்கிட்டு அலைஞ்சா எப்பத் துவைக்க, எப்பக் காயப் போட?" தலைமையாசிரியை யோசித்துவிட்டு, போன வருடத்துப் பழைய சட்டை போதும், ரிப்பன் மட்டும் இருந்தால் சரி என்றார். அப்படித்தான் அந்த ஊரில் சனிக்கிழமைச் சட்டை என்று ஒன்று உண்டானது. வெளுத்து, கை ஏறி, தோளில் இறுக்கிக்கொண்டு நிற்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா. மிகச் சிறிய உடம்பு. பின்னாலிருந்து பார்த்தால் மகளா தாயா என்று தெரியாது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள், வெடிமருந்து படாமல் இருக்கச் சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் கணவரின் பழைய சட்டை. அங்கேயே வேலை பார்த்த இந்த அம்மா, மகளின் எட்டாம் வகுப்புச் சட்டையைத் தன் மேல் வைத்துக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"டீச்சர், இவ சனிக்கெழமச் சம்பளத்த நிப்பாட்டிட்டீக. போகட்டும். எங்க வீட்ல ஆம்பளச் சட்டையே கெடையாது. இந்தா, இது எனக்கு அளவா இருக்கு பாத்தீகளா? நானும் ஒம்பதாப்புல வந்து சேந்துக்கிடவா?"

"வாங்க, முன் பெஞ்சுல உக்கார வைக்கிறேன்" என்றார் தலைமையாசிரியை. கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை மட்டும் வெட்கத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

விதி வேலை செய்தது. இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும், எந்த ஆணையின் ஆதரவும் இல்லாமல் வேலை செய்த ஒரே விதியாக நான் பார்த்தது அதுதான். அந்த ஆண்டு தீபாவளிச் சீசனில் திங்கட்கிழமை நகங்கள் சாதாரண அழுக்கோடு இருந்தன. தலைமையாசிரியை வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அழுக்கைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்த ஆசிரியர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு புரட்டாசியில், ஒரு வேலை நாள், மதிய உணவு முடிந்து முதல் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவின் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. முதலில் ஜன்னல் கதவுகள் நடுங்கின. என் மேஜையில் இருந்த ரப்பர் முத்திரை கீழே விழுந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வகுப்பு ஒரே குரல் எழுந்தது: "மேக்க!" மேற்கே இருந்த கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டை நோக்கி ஓடிய பிள்ளைகளைத் தலைமையாசிரியை இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். அழுகிற பிள்ளைகளை வெயிலிலேயே வகுப்புவாரியாக உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது.

சம்பவ இடத்துக்குப் போயிருந்த ஊர்த் தலையாரி பேசினார். அவர் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "ஒரே ஒரு ஆள்தான் டீச்சர். மத்தவக எல்லாம் வெளிய ஓடியாந்துட்டாக. செவுத்துக்கு அடியில கெடக்கு. மொகம் தெரியல. சின்னப் பிள்ளையாத் தெரியுது. மஞ்ச ரிப்பன் வச்ச சட்டை டீச்சர். உங்க பிள்ளதான்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். எனக்கு நினைவிலிருந்த ஒரு நடைமுறையும் அந்தப் பார்வைக்கு உதவவில்லை.

வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேடுகளோடு ஓடி வந்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, பிள்ளைகள் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா", "உள்ளேன் ஐயா" என்றார்கள். தினமும் இயந்திரம் போலச் சொல்கிற சொல்தான். அன்று ஒவ்வொரு 'உள்ளேன்' கேட்கும்போதும் தலைமையாசிரியையின் விரல் ஒன்று மடங்கியதை நான் பார்த்தேன். காலையில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் பைக்கில் பறந்தார். ஒருவன் காய்ச்சலில் படுத்திருந்தான். ஒருத்தி தங்கச்சிக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் இருக்காங்க மேடம்" என்று அவர் போனில் சொன்னதும், கொடிமேடையின் மேல் நின்றிருந்த தலைமையாசிரியை, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அப்பாடா! நம்ம பிள்ளைக ஒருத்தரும் இல்ல. எல்லாம் உக்காருங்க."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சில பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பெருமூச்சு விட்டேன். இறந்தது ஒருவர்; அவர் எங்கள் சீருடையில் இருக்கிறார்; எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். ஆகவே ஏதோ ஒரு தவறு, எங்களுக்குச் சம்பந்தம் இல்லாத தவறு என்று மனம் கணக்கை முடித்துவிட்டது. போன வருடத்துக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பு எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு பிள்ள. அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லியாச்சுல்ல" என்றார் தலைமையாசிரியை. குரலில் இன்னும் அந்த நிம்மதி இருந்தது.

"டீச்சர், எங்கம்மா என் சட்டையத்தான் போட்டுட்டுப் போயிருக்கு."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தலைமையாசிரியை மேடையிலிருந்து இறங்க முயன்று, படி இருப்பதை மறந்து தடுமாறி, கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையும் நானும் சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் போனோம். அடையாளம் காட்ட ரத்த உறவு வேண்டும் என்றார் அங்கிருந்த காவலர். பிள்ளையின் தாய்மாமா மல்லாங்கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். அதற்குள் பிள்ளையை உள்ளே கூட்டிப் போகலாமா என்று காவலர் தயங்கியபோது, தலைமையாசிரியை முன்னால் போனார். "சட்டைய நான் அடையாளம் காட்டுறேன். அது எங்க பள்ளிக்கூடத்துச் சட்டை. இவ உள்ள வர வேண்டாம்." இப்படிச் செய்ய இடம் உண்டா என்பது போலக் காவலர் என்னைப் பார்த்தார். இடம் இல்லை. நான் தலையை ஆட்டினேன். தலைமையாசிரியை உள்ளே போய் வரும்வரை, பிள்ளை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தன் சட்டைப் பையின் ரிப்பனைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தெரிந்தது, அந்தக் கம்பெனியின் போர்மேன் தினமும் கேட்டில் அந்த அம்மாவை மறித்துக் கேலி செய்வாராம். "ஏ ஒம்பதாப்பு, ஒன்னய உள்ள விட்டா பெரிய டீச்சர் என்னய வெளிய தள்ளிரும்" என்பாராம். "நான் பெயிலு அண்ணாச்சி, அதான் வேலைக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவாராம் அவர். உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தி பள்ளிக்கூட கேட்டில் நின்று இதைத் தலைமையாசிரியையிடம் சொல்லி, சிரிப்பில் ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வழிபாட்டில், பிள்ளைகளின் சட்டைப் பைகளில் ரிப்பன் இல்லை. யாரும் சொல்லவில்லை, யாரும் கூடிப் பேசவுமில்லை. வீட்டுக்கு வீடு அம்மாக்கள் தையலைப் பிரித்திருந்தார்கள். ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. தலைமையாசிரியை நகங்களைப் பார்க்காமல் வரிசையைக் கடந்து போனார். சனிக்கிழமை ஊர் பல நிறங்களில் இருந்தது. விதி வந்ததற்கும் ஆணை இல்லை, போனதற்கும் ஆணை இல்லை. என் கோப்புகளில் அது நடந்ததற்கான தடயமே கிடையாது.

அந்தப் பிள்ளையை மாமா தன்னோடு அழைத்துப் போனார். மாற்றுச் சான்றிதழை நான்தான் தயாரித்தேன். அதை வாங்க வந்த அன்று அவள் பூப்போட்ட ஒரு சுடிதாரில் வந்திருந்தாள்.

தலைமையாசிரியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி செய்தார். சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய்த் தானே உட்கார்ந்துகொண்டார். முதலில் விரட்டப் பார்த்த போர்மேன்கள் பிறகு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவரைக் கண்டதும் பிள்ளைகள் வந்த வழியே திரும்பிவிடும். ஆனால் அவருடைய கண் பிள்ளைகளை மட்டும் பார்க்கவில்லை. உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணின் சட்டையையும் அவர் பார்த்தார். அந்தப் பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. நடந்துகொண்டே சட்டையை இழுத்துக் காட்டி, "நல்லாப் பாத்துக்கங்க டீச்சர், இது எங்க வீட்டுக்காரரு சட்டைதேன்" என்பார்கள். கேலிதான். ஆனால் ஒருத்தியும் காட்டாமல் போனதில்லை.

ஒருநாள் அலுவலகத்தில் திடீரென்று கேட்டார்: "சார், அரசு கொடுக்கிற சீருடைத் துணியில பாலியஸ்டர் கலந்திருக்குமே. பொறி பறக்காம இருக்கக் கம்பெனிக்குள்ள பருத்திதான போடணும்?"

அவர் கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. "அந்தம்மா இருந்தது பக்கத்து ஷெட் மேடம். வெடிச்சது மருந்து கலக்கிற ஷெட்டு. உராய்வுதான் காரணம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு" என்றேன்.

"ரிப்போர்ட்ல எப்பவுமே உராய்வுதான சார்" என்றார்.

அரையாண்டு விடுமுறையில் அவர் மல்லாங்கிணற்றுக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் அதைப் பற்றி வெகுநாள் பேசவில்லை. பணி ஓய்வு பெற்ற அன்று, மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சாவிகளை என்னிடம் ஒப்படைக்கும்போது சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் போனாராம். எதற்கு என்று வாயில் வரவில்லையாம். பிள்ளையே சொல்லியிருக்கிறாள்: "டீச்சர், நீங்க அன்னைக்கு அப்பாடான்னு சொன்னீகள்ல, நானும் மொதல்ல அப்பாடான்னுதான் உக்காரப் போனேன். பாதி உக்காந்துட்டேன். அப்புறந்தான் காலையில அம்மா சட்டை போட்டது ஞாபகம் வந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக எனக்குக் காட்ட ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கடைசிச் சாவி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அவர் விருதுநகரில் இருக்கிறார், நான் சாத்தூரில். ஒருவரை ஒருவர் பார்த்துப் பல காலம் ஆகிறது. ஆனால் எங்கள் பக்கம் எங்காவது சத்தம் கேட்டால், டி.வி.யில் செய்தி வருவதற்கு முன்பே எனக்கு அவருடைய அழைப்பு வந்துவிடும். நலம் விசாரிப்பது கிடையாது. எந்தப் பக்கம் என்று கேட்பார், சொல்வேன். பள்ளிக்கூடம் நடக்கிற நாளா என்பார், அதையும் சொல்வேன்.

போன வாரம் அப்படி ஓர் அழைப்பு வந்தது. தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் புகை எழுந்ததாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் நான் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். வயதான காலத்தில் அவரை நிம்மதியாக இருக்க வைக்கலாம் என்ற நினைப்பில், அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "ஒரே ஒருத்தர்தானாம் மேடம். பள்ளிக்கூடப் பிள்ளைக யாரும் இல்ல."

அவர் கேட்டார்:

"யாரோட அம்மா, சார்?"

நான் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினேன். பெயர் இன்னும் வரவில்லை. இருவரும் போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தோம்.